சிக் சாக்லேட்: பெயர் தெரியாமல் கேட்ட இசை

காவேரிப்பாக்கத்தில் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டுக்காரர்கள் ட்ரம்பெட்டில் பழைய திரைப்பாடல்களை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எந்தப் படம், யார் இசை என்று உடனே சொல்லிவிடுவோம். பாட்டின் இடையில் வரும் அந்த ட்ரம்பெட் பகுதியை அமைத்தவர் யார் என்று மட்டும் நாம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் ஆதங்கம்.

சிக் சாக்லேட்டை எடுத்துக்கொள்வோம். இயற்பெயர் அன்டோனியோ சேவியர் வாஸ். 1916இல் கோவாவின் அல்டோனாவில் பிறந்தவர். பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் தம் ஜாஸ் குழுவை நடத்தினார், இசைத்தட்டுகளும் வெளியிட்டார். லூயி ஆம்ஸ்ட்ராங்கை ஆதர்சமாகக் கொண்டதால் 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' எனப்பட்டார். 1967இல் மறைந்தார்.

ஓட்டல் மேடையோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) வழியாக நாம் நன்கறிந்த சி. ராம்சந்திராவுக்கு அவர் உதவியாளராகவும் இருந்தார். 'அல்பேலா' (1951) பாடல்களில் துள்ளும் ஜாஸ் சாயலில் அவர் கைவண்ணம் தெளிவாகத் தெரிகிறது. அப்படம் 'நல்ல பிள்ளை' என்று தமிழிலும் வந்தது. ஆக, ஜாஸ் என்ற சொல்லை அறியுமுன்பே நம் முந்தைய தலைமுறை அதைக் கேட்டுவிட்டது.

இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக்காட்டுவார். அதை மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதி, வயலின்களுக்கும் ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் தனித்தனியே பகுதி பிரித்து, இடையிசையைக் கோப்பவர் இசைக்கோர்ப்பாளர். பம்பாயில் அப்பணியில் கோவா நாட்டவர் பலர் இருந்தனர். பட்டியலில் அவர்கள் பெயர் வந்தால் பெரும்பாலும் 'உதவி' என்றே வரும்.

மெட்டுதான் உயிர், மற்றதெல்லாம் உடுப்பு என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. நாம் உடன்படவில்லை. 'அல்பேலா' நடனப் பாடல்களிலிருந்து ஊதுகருவிகளை நீக்கிவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். மெட்டு இருக்கும், ஆட்டம் இருக்காது. ஆடவைத்தவருக்கும் அப்பாட்டில் படைப்புரிமை உண்டு.

டியூக் எலிங்டனின் நிழலில் இருந்த பில்லி ஸ்ட்ரேஹார்னுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் பின்னாளில் உரிய இடத்தை மீட்டுத் தந்தனர். பம்பாய் ஜாஸ் கலைஞர்களுக்காக நரேஷ் ஃபெர்னாண்டஸ் 'தாஜ்மகால் ஃபாக்ஸ்ட்ராட்' (2012) எழுதினார். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களும் இசை கோத்தவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று, எந்தப் பாட்டில் எந்தப் பகுதி யாருடையது என்று கேட்டு எழுதிவைப்பது இசை பற்றி எழுதுவோரின் கடமை என்று கருதுகிறோம். இரங்கல் குறிப்பு எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை அது.