தேநீரும் இரும்புச் சத்தும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே தேநீர் பருகாத வீடில்லை. தேநீரில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் மிகுதி என்பர். அதனை அளப்பது எங்ஙனம்?

டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறக் கரைசலில் தேயிலைச் சாற்றைச் சேர்த்தால், ஊதா மங்கி மஞ்சளாகும். நிறம் எவ்வளவு குறைந்ததென்று கருவியால் அளந்து, உணவுகளை ஒப்பிடுவர். இது 1958இல் பிளாய்ஸ் என்பார் வெளியிட்ட முறை.

ஆயினும் சோதனைக்குழாயில் நிகழ்வதெல்லாம் உடலிலும் நிகழுமென்று கொள்ளலாகாது. இக்காரணத்தாலேயே, வேறொரு சோதனைவழித் தொகுத்த உணவுப் பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் நீக்கிவிட்டது.

இன்னொன்று: தேநீரின் அப்பொருள்களே கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கின்றன. ஆகவே, இரத்தச் சோகையுள்ள தாய்மார் உணவோடு தேநீர் அருந்தாது, ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துக. கீரையில் சிறிது தேசிக்காய் பிழிந்துண்பது நன்று. தேநீரை விடவேண்டுவதில்லை, வேளையறிந்து பருகினாற் போதும்.