மயிலாடி மகாராசனை நாகர்கோவில் மறக்கலாமா?

ஒழுகினசேரி என்றதும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். தேரூர் என்றால் கவிமணி. பூதப்பாண்டி என்றால் ஜீவா. கோட்டாறு என்றால் அங்கே அடக்கம் செய்யப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். நாகர்கோவிலின் தெருக்களையும் சுற்றியுள்ள ஊர்களையும் இப்படி ஆட்களோடு சேர்த்துச் சொல்லியே பழகியிருக்கிறோம். மயிலாடி என்றால் நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? கல் சிற்பம் தெரியும். மகாராசன் வேதமாணிக்கத்தைத் தெரியுமா?

சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர் மகாராசன். ஒடுக்கப்பட்ட மக்களை விற்கவும் அடகு வைக்கவும் முடிந்த திருவிதாங்கூர் அது. அங்கே அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855-இல்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, சிதம்பரம் யாத்திரை போன மகாராசன் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவரானார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்கு வந்து உறவினர்களைத் திரட்டினார். தங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பை ஏற்றுத்தான் 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார்.

1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கியது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்வது அந்த 1809-ஐத்தான். 1816-இல் ரிங்கல்தௌபே புறப்பட்டபோது, சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுச் சென்றார். பிறகு வந்த மீட், மிஷனின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். பின்னாளில் நெய்யூரில் மருத்துவமனை வந்தது. மண்டைக்காடு, குளச்சல் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் சாதி, மதம் பாராமல் வைத்தியம் பார்த்த இடம் அது.

இந்த வரலாற்றை எப்படிச் சொல்கிறோம்? வெள்ளைக்காரர் வந்தார், கல்வி தந்தார் என்கிறோம். இதில் தலித் வெறுமனே கைநீட்டி வாங்கியவராகிவிடுகிறார். கேட்டவர், அழைத்தவர், பொறுப்பேற்று நடத்தியவர் காணாமல் போகிறார். மீட் விஷயத்திலும் இதுதான் கதை. பறையர் சமூகத்தில் பிறந்த தேவவரம் முன்ஷியின் மகள் லோயிசை அவர் மணந்தார். உடன் பணியாற்றிய ஐரோப்பியர்களே அதை ஏற்கவில்லை. மீட் மிஷனைவிட்டு விலக நேர்ந்தது. மீட்டை அறிந்தவர்களில் எத்தனை பேர் லோயிசின் பெயரை அறிவார்கள்?

மயிலாடி சபை தன் ஆலயத்துக்கு ரிங்கல்தௌபேயோடு வேதமாணிக்கத்தின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறது. அது நல்ல முன்மாதிரி. ஆனால் அவர் சபைக்கு மட்டும் சொந்தமானவர் அல்ல. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அந்தக் கோடு சலுகையை மட்டுமா பிரித்தது? முன்னோரையும் பிரித்துவிட்டது. கிறிஸ்தவர் என்பதால் தலித் மேடைகளில் அவர் படம் இல்லை. தலித் என்பதால் பொது வரலாற்றில் முன்வரிசை இல்லை. 1982 கலவரத்தின் வடுவைச் சுமக்கும் மண்டைக்காட்டுக்காரர்களுக்கு, மதத்தின் பெயரால் மனிதரைப் பங்கு போடுவதன் கேடு புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சாம்பவர் குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்குப் போகலாம், தம்பி ஆலயத்துக்குப் போகலாம். இருவருக்கும் மகாராசன் முன்னோர்தான்.

நவம்பர் 1 அன்று, குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாளைக் கொண்டாடுகிறோம். மார்ஷல் நேசமணியைப் போற்றும் அந்த நாளில், வேதமாணிக்கத்தைப் பற்றியும் பள்ளிகளில் பேசட்டும். நாகர்கோவில் மாநகராட்சி ஒரு நூலகத்துக்கோ சாலைக்கோ அவர் பெயரைச் சூட்டட்டும்.

மாணவர்களே, அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குடியிருப்பில் முதலில் பள்ளிக்கூடம் போனவர் யார், முதலில் குடை பிடித்து நடந்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டியும் தாத்தாவும் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.