இரவல் வாங்கிய 11 வரிகள்

சொல்லின் இடப்பக்கத்தே வெற்றிடம் நிரப்புதற்கு வேண்டுவன 11 வரிகளே. அவற்றையுமா இரவல் வாங்குவது? 'கிக்' என்னும் பெயர்பற்றிய பூசலில், என்.பி.எம். களஞ்சியம் அப்பெயரை ஒரு குழுமத்திற்கு மாற்றித் தந்தது. வெகுண்ட அசெர் கோசுலு, 2016 மார்ச்சு 22-இல் தம் நிரற்றொகுப்புகள் 250-க்கும் மேற்பட்டவற்றை விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்றே அவ் 11 வரி 'லெப்ட்பேடு'. அதனைக் கண்ணாலும் கண்டிராத நிரலாளர்தம் பணி உலகெங்கும் முடங்கிற்று! 'பேபல்' நிறுவலும் நின்றது. ஏன்? அவர்தம் தொகுப்பு வேறொன்றைச் சார்ந்தது, அது மற்றொன்றை, அம்மற்றொன்று இத் துணுக்கை. ஒருவர் உடனே மாற்றொன்றை வெளியிட்டும் பயனில்லை, பலர் 0.0.3 என்னும் பழம்பதிப்பையே எண்சுட்டிக் கேட்டிருந்தனர். சில மணிநேரத்துள் களஞ்சியமே அதனை மீட்டு வைத்தது. கோசுலுவைக் கடிந்தோர் பலர் (உழைப்பைக் கொடையாய் அளித்தவரையே வைவதும் ஒரு நன்றியோ?), தம் சார்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோர் எத்துணைப் பேர்?