எண்ணுக்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம்

பதுளை மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

தோட்டக் குடும்பங்களின் விபரப் பட்டியலில் ‘முகவரி’ என்று ஒரே நிரலை விட்டால், தோட்டம், அதன் டிவிசன், வீட்டு வரிசையான லயன், அதிலுள்ள அறையான காம்பிரா ஆகிய நான்கும் அதற்குள் நெருக்கியடித்துக் கொள்கின்றன. ஒருவர் ‘மேல் டிவிசன் 4ஆம் லயன் 10’ என்று எழுதுவார். அடுத்தவர் ‘10, 4ஆம் நம்பர் லயன்’ என்பார். இன்னொருவர் ‘4/10’ என்று முடித்துக்கொள்வார். மூன்றும் ஒரே கதவுதான் என்பது அந்த டிவிசன் ஆட்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எக்செலில் ‘4/10’ என்று அடித்தால் அது திகதியாகிவிடும். எழுத்தோடு ஒட்டிய எண்ணை எழுத்தாகவே வரிசைப்படுத்துவதால் ‘லயன் 10’ முன்னாலும் ‘லயன் 2’ பின்னாலும் நிற்கும். ஆகவே நான்கையும் நான்கு நிரல்களாகவும், குடும்பத்தின் ஆட்தொகையை வெறும் எண்ணாக ஐந்தாவது நிரலிலும் பதியச் செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை.

இது கந்தோர் ஒழுங்கு பற்றிய சின்ன விஷயம் அல்ல. பெரகலவுக்கு அருகே, கொஸ்லந்தை மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடியது. காணாமற்போனோர் தொகை முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டு, பின்னர் வெகுவாகக் குறைந்தது. அந்தக் குழப்பத்துக்குக் கலந்த நிரல்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை சரிவைக் குறித்து வருகிறது. சனம் வாழ்வதோ லயனில். இன்ன சரிவின் கீழே எந்தெந்த லயன், அவற்றில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு மழை இரவொன்றில் சில நிமிடங்களில் விடை வேண்டும். ஆட்தொகைக் கட்டத்தில் ‘5 பேர், கைக்குழந்தை 1’ என்று எழுதியிருந்தால் கூட்டல் வாய்பாடு அதை எண்ணாகக் கொள்ளாது. அந்தக் குடும்பமே மொத்தத்திலிருந்து விடுபட்டுப்போகும்.

இப்போது எழுதுகிறபடியே எழுதட்டும், எண்களைப் பிறகு வாய்பாடு போட்டுப் பிரித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அது சரிவரும். ஆனால் தோட்டங்களில் ‘2ஆம் நம்பர் டிவிசன்’ என்பதே ஒரு பெயர். அந்த 2 காம்பிரா எண் அல்ல. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களுக்குப் பின் ஓர் எழுத்து வரும். தொலைபேசி இலக்கம் பூச்சியத்தில் தொடங்கும். எழுத்தை நீக்கினாலோ பூச்சியம் விழுந்தாலோ அவை வேறு இலக்கங்களாகிவிடும். இலக்கமாகத் தெரிவதெல்லாம் கணக்குக்குரிய எண் அல்ல. எது பெயர், எது தொகை என்பதை எழுதும் ஆள் அந்த நிமிடத்திலேயே அறிவார். பிறகு பிரிக்கிறவர் ஊகிக்கத்தான் முடியும்.

கிராம உத்தியோகத்தருக்கு இது மேலதிகச் சுமை என்பது இன்னொரு மறுப்பு. அவர் எழுதப்போவது அதே சொற்கள்தான், கட்டங்கள்தான் கூடுகின்றன. பழைய பதிவுகளைப் பிரிப்பது வேலைதான்; அதை ஆபத்தென அடையாளமிட்ட சரிவுகளிலிருந்து தொடங்கலாம். பிரிக்கும்போது முதலில் எழுதிய முகவரியை அழிக்காமல் பக்கத்து நிரலில் வைத்திருந்தால் பிழையைச் சரிபார்க்க வழியிருக்கும். அடுத்த படிவம் அச்சுக்குப் போவதற்கு முன், அந்த ஒற்றை முகவரிக் கட்டத்தில் மூன்று கோடுகள் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெரகலவிலிருந்து ஒருவர்