கழிவு விலையும் கொப்பிக் கணக்கும்



எமது மாதர் குர்ஆன் வகுப்பு முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் பேச்சு எங்கெங்கோ சென்று கடைசியில் அடுப்படிக்குத்தான் வந்து சேரும். சென்ற வாரம் அது கடைத்தெருவுக்கு வந்தது. நகரத்தில் கழிவு விலைக்குச் சாமான் விற்கும் பெரிய கடைகளைப் பற்றி ஒரு சகோதரி ஆரம்பித்து வைக்க, ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள்.

ஐந்து பிள்ளைகளின் தாயான ஒரு சகோதரி அந்தக் கடைகளுக்காக வாதாடினார். "பருப்பு, சீனி, கோதுமை மா, டின்மீன் எல்லாத்தையும் மாதத் தொடக்கத்தில் அங்கேதான் எடுக்கிறேன். பஸ் காசு போனாலும் மிச்சம்தான்" என்றார். ஆசிரியையாக இருக்கும் மற்றொருவர் அதை ஏற்கவில்லை. "மலிவென்று ஒரு மூடை அரிசி எடுத்தேன். பாதி குறுணல். கழுவி, அரித்து, உலை வைத்தால் குழைந்து போகிறது. மலிவு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். மூன்றாமவரோ, தட்டில் ஒட்டியிருந்த விலையும் பில்லில் விழுந்த விலையும் வேறாக இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்தது. ஆனால் வேகம் தணிவது வேறு, ஏறிய விலை இறங்குவது வேறு. ஆகவே மலிவைத் தேடிப் போகும் பெண்ணைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. குடும்பத்தின் காசு அவள் கையில் இருக்கும் அமானிதம். அதைச் சிக்கனமாகச் செலவழிப்பது அவளது பொறுப்பு.

ஆயினும் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால்தான் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்க முடியும்.

கழிவு விலைக் கடைகளுக்கு உலகம் முழுவதும் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது ஜேர்மனியின் 'அல்டி'. எஸன் நகரில் ஒரு தாய் நடத்திவந்த சிறிய பலசரக்குக் கடையை 1946இல் அவருடைய இரு புதல்வர்கள் பொறுப்பேற்றார்கள். அல்பிரெக்ட் என்ற குடும்பப் பெயரின் தொடக்கத்தையும், கழிவு விலையைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தையும் சேர்த்து 1962இல் அல்டி என்ற பெயர் வந்தது. அவர்களின் இரகசியம் எளிமையானது. நூறு வகைச் சவர்க்காரத்தை அடுக்காமல் இரண்டு மூன்றை மட்டும் வைப்பார்கள். அதையும் பெருந்தொகையாக வாங்குவார்கள். சாமானை வந்த பெட்டியோடேயே தட்டில் வைப்பார்கள். ஊழியர் குறைவு, அலங்காரம் குறைவு. தள்ளுவண்டியைக்கூட நாணயம் போட்டால்தான் எடுக்கலாம். திரும்பக் கொண்டுபோய் விட்டால் நாணயம் கைக்கு வரும். இதனால் வண்டிகளைப் பொறுக்கிச் சேர்க்க ஆள் தேவையில்லை. பெரும்பாலான சாமான்கள் கடையின் சொந்தப் பெயரிலேயே விற்கப்படும். விளம்பரச் செலவு அதில் ஏறாது.

இப்படிச் செலவைக் குறைத்து வரும் மலிவு நல்ல மலிவு. அதனால் சாமானின் தரம் குறைய வேண்டியதில்லை. ஆனால் வேறு வகை மலிவும் உண்டு. நிறையைக் குறைத்துப் பொதியை அதே அளவில் வைப்பது ஒன்று. திகதி முடியப்போவதைத் தள்ளிவிடுவது இன்னொன்று. தரம் குறைந்ததைக் கலப்பது மூன்றாவது. ஒரு கடையிலேயே இந்த எல்லா மலிவும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கக்கூடும். பிரித்தறிவது நம் வேலை.

முதலில் நிறையைப் பாருங்கள். ஓர் உதாரணம்: 400 கிராம் பொதி 460 ரூபா, பக்கத்தில் கழிவு விலையில் 350 கிராம் பொதி 420 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இரண்டாவது 40 ரூபா மலிவு. 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 115 ரூபா, இரண்டாவது 120 ரூபா. மலிவென்று எடுத்ததே கூடிய விலை! பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப் போனால் இந்தக் கணக்கை அவர்களிடமே கொடுங்கள். பள்ளிக்கூடக் கணக்கும் பழகும்.

அடுத்து, பொதியில் அச்சிட்டிருக்கும் உச்ச சில்லறை விலையையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியதும் வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில்லைக் கடையை விட்டு வெளியேறும் முன்பே வாசியுங்கள். வீட்டுக்கு வந்து வருந்திப் பயனில்லை.

அரிசி, பருப்பு போன்றவற்றைப் புதிய இடத்தில் வாங்கும்போது முதலில் ஒரு கிலோ மட்டும் எடுத்துச் சமைத்துப் பாருங்கள். கல், உமி போக எவ்வளவு மிஞ்சுகிறது, வேக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனியுங்கள். கேஸ் விற்கும் விலையில், வேகாத பருப்பு மலிவான பருப்பல்ல.

கண்ணால் காண முடியாத குறைகளும் உண்டு. 2021 மார்ச்சில், இறக்குமதி செய்யப்பட்ட ஒரு தொகைத் தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் என்ற நச்சுப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டதை அறிவீர்கள். அதை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க எந்த உம்மாவாலும் ஏலாது. ஆகவே எண்ணெய் போன்றவற்றைப் பெயர் இல்லாத போத்தலில் வாங்காமல், எஸ்.எல்.எஸ். தரச் சின்னமும் உற்பத்தியாளரின் விபரமும் உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது. பிறநாட்டு இனிப்பு, ஜெலி, கேக் வகைகள் கழிவு விலையில் குவிந்திருக்கும்போது, அவற்றில் சேர்ந்துள்ள ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், ஹலால் சின்னம் இல்லாததைப் பிள்ளை அழுதாலும் விட்டுவிடுங்கள்.

மற்றொன்று, கடனட்டைக் கழிவு. குறித்த நாளில் வங்கி அட்டையால் செலுத்தினால் மரக்கறிக்கும் பழத்துக்கும் நல்ல கழிவு கிடைக்கிறது. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியாமல் போனால் அந்தக் கழிவு வட்டியாகத் திரும்பிப் போகும். நமக்கு அது பண நஷ்டம் மட்டுமல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் பேசி முடியும் வரை ஒரு சகோதரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் தெருமுனையில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானாவின் மனைவி அவர். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ராத்தாமார் சொன்னதெல்லாம் சரிதான். எங்கட கடையில அந்த விலைக்குக் குடுக்க ஏலாது. நாங்க வாங்குறதே கூடின விலைக்குத்தான். அங்க போறது பிழையெண்டு நான் சொல்லல்ல. ஆனா அந்தக் கஷ்டமான வருஷத்தில எழுதின கொப்பி இன்னும் எங்கட மேசை லாச்சிக்குள்ள இருக்கு. அதுல பேர் உள்ள சில பேர் இப்ப ரெண்டு கையிலயும் பேக்கோட எங்கட வாசலால போறாங்க. இவர் பார்த்தும் பாராத மாதிரி இருப்பார்."

எவரும் பதில் பேசவில்லை.

அன்று வகுப்பில் நாம் ஓதியது திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அது எச்சரிக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் தராசு பிடிக்கும் வியாபாரிதான் நம் நினைவுக்கு வருவார். கிராமுக்குக் கணக்குப் பார்த்து நிறைவாக வாங்கும் நாம், பால்மா கிடைக்காத நாளில் ஒளித்து வைத்துத் தந்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்தால் தராசு யார் கையில் இருக்கிறது? வசதி இருந்தும் கடனைத் தாமதிப்பது அநியாயம் என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. உண்மையிலேயே கையில் இல்லாதவருக்கு அவகாசம் கொடுக்கும்படி கடன் கொடுத்தவரையும் மார்க்கம் பணிக்கிறது. ஆனால் அந்த அவகாசத்தைக் கேட்டுப் பெற வேண்டும். வேறு தெருவால் சுற்றிப் போவது அவகாசம் கேட்பதாகாது.

ஆகவே சகோதரிகளே, மலிவான கடைக்குத் தாராளமாகப் போங்கள். நிறையைப் பாருங்கள், திகதியைப் பாருங்கள், பில்லைப் பாருங்கள். அங்கே மிச்சம் பிடித்த காசை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். கொப்பியில் உங்கள் பெயர் இருந்தால் மாத முடிவில் அந்த டின்னோடு முதலில் தெருமுனைக் கடைக்குப் போங்கள். முழுவதும் இல்லாவிட்டால் உள்ளதைக் கொடுத்து, மீதிக்கு ஒரு நாள் சொல்லுங்கள். பிறர் காசைக் கையில் வைத்துக்கொண்டு நாம் காணும் மலிவு, மலிவே அல்ல.

நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.