தீபம் வாசலில் ஒளிரட்டும்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்டதும் திருவண்ணாமலையின் வீடுகளெங்கும் அகல்கள் ஒளிர்கின்றன. ஆக்சிஜன் கருவியின் துணையோடு மூச்சுவிடுவோர் உள்ள வீடுகளில் அவ்விளக்குகளை வாசலில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. எரியும் பொருளை மிக வேகமாக எரியச் செய்கிறது. அது நோயாளியின் உடையிலும் போர்வையிலும் தங்குவதால் சிறு பொறியும் பெருந்தீயாகலாம். அகல், கற்பூரம், ஊதுவத்தி, அடுப்பு யாவும் நோயாளியிடமிருந்தும் கருவியிடமிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளியிருக்கட்டும். அவ்வீட்டில் புகைபிடித்தல் அறவே கூடாது.

புகையால் மற்றொரு தீங்கும் உண்டு. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜனைச் செறிவாக்கித் தருவதே இக்கருவியின் பணி. தூசியும் சாம்பிராணிப் புகையும் படிந்து வடிகட்டி அடைபட்டால் கருவி சூடேறும்; ஆக்சிஜனும் குறையலாம். கழுவத்தக்க வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்கு உலர்ந்தபின் பொருத்துங்கள். கருவியைத் துணியால் மூடாதீர்கள். சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

நோயாளியை விழாவிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. கையில் எடுத்துச் செல்லும் கருவியாயின் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, மாற்றுப் பேட்டரியையும் உடன்கொள்ளுங்கள். மலை தெரியும் இடத்தில், அருகே விளக்கு இல்லாதவாறு அவரை அமரவையுங்கள். மருத்துவர் குறித்த ஆக்சிஜன் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். மூச்சுத்திணறல் மிகுந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மலைத்தீபத்தை அவர் அச்சமின்றித் தொழ வேண்டும் என்பதற்காகவே வீட்டு விளக்கைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்கிறோம்.