வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான்!

கோவிலுக்குப் போகிறோம். வாசலில் செருப்பை விடுகிறோம். அங்கே இருப்பவர் ஒரு டோக்கன் தருகிறார். அதில் 47 என்று போட்டிருக்கிறது. திரும்பி வந்து அதைக் கொடுத்தால், நம் செருப்பு நம் கைக்கு வருகிறது.

அவருக்கு நம் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. நம்பர்தான் தெரியும். அது போதும்.

இணையதளங்களும் இப்படி ஒரு டோக்கன் தருகின்றன. அதற்குப் பெயர் "குக்கி". செல்போனில் ஒரு பக்கத்தைத் திறந்ததும், "குக்கிகளை ஏற்கிறீர்களா?" என்று ஒரு கட்டம் வந்து கண்ணை மறைக்கிறதே, அந்தச் சமாச்சாரம்தான் இது. அதை யார் படிக்கிறார்கள்? கட்டம் தொலைந்தால் போதும் என்று "சரி"யை அமுக்கி விடுகிறோம்.

எதற்குச் சரி சொன்னோம்?

நல்லதற்குப் பிறந்தது

1994-ம் ஆண்டில், அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி என்ற என்ஜினீயர் இதைக் கண்டுபிடித்தார். அப்போது இணையதளங்களுக்கு ஞாபக மறதி அதிகம். ஒரு சாமானை எடுத்துக் கூடையில் போட்டு விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், "நீ யார்?" என்று கேட்கும். கூடை காலி! இந்த மறதிக்கு மருந்தாகத்தான் குக்கி வந்தது.

ஆளுக்கு ஒரு நிரந்தர நம்பர் கொடுத்து விட்டால் வேலை சுலபம். ஆனால் மோன்டுல்லி அதற்கு ஒப்பவில்லை. எல்லாத் தளங்களும் அந்த ஒரே நம்பரை வைத்து ஆளைப் பின்தொடருமே என்று யோசித்தார். டோக்கன் கொடுத்த தளம் மட்டுமே அதைத் திரும்பப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார்.

நல்ல பூட்டுதான். ஆனால் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது!

எல்லாக் கடையிலும் ஒரே ஆசாமி

நீங்கள் படிக்கும் பக்கம் முழுவதும் ஒரே இடத்தில் இருந்து வருவதில்லை. செய்தி ஒரு தளத்தில் இருந்து வரும். ஓரத்தில் உள்ள விளம்பரம் வேறு ஒரு கம்பெனியில் இருந்து வரும். அந்தக் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு டோக்கனை உங்கள் கையில் திணித்து விடுகிறது.

அடுத்த தளத்துக்குப் போகிறீர்கள். அங்கும் அதே கம்பெனி நிற்கிறது. "வாருங்கள், 47!" என்கிறது.

காலையில் சர்க்கரை வியாதி பற்றிப் படித்தீர்கள். மத்தியானம் நகைக் கடனுக்கு வட்டி என்ன என்று பார்த்தீர்கள். இரவு மகளுக்கு வரன் தேடினீர்கள். மூன்று தளங்களுக்கும் ஒன்றை ஒன்று தெரியாது. விளம்பரக் கம்பெனிக்கு மூன்றும் தெரியும். வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாத கவலை, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்குத் தெரிகிறது!

"பெயர் தெரியாதே, நம்பர்தானே?" என்று சமாதானம் சொல்வார்கள். 1999-ல் டபுள்கிளிக் என்ற அமெரிக்க விளம்பரக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தபாலில் சாமான் வாங்குவோரின் பெயர், விலாசங்களை வைத்திருந்த அபாகஸ் என்ற கம்பெனியை வாங்கியது. நம்பரோடு பெயரையும் சேர்க்கத் திட்டம் போட்டது. பலத்த எதிர்ப்பு கிளம்பியது. 2000-ம் ஆண்டில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2008-ல் டபுள்கிளிக், கூகுளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விலை 310 கோடி டாலர்!

பத்திரிகை பேசலாமா?

"விளம்பரத்தைக் குறை சொல்ல ஒரு பத்திரிகைக்கு யோக்கியதை உண்டா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளம்பரம் இல்லாவிட்டால் இந்தத் தாளை இந்த விலைக்குக் கொடுக்க முடியாது. விளம்பரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பத்திரிகையில் வரும் புடவை விளம்பரத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். அது உங்களைப் பார்ப்பதில்லை.

விளம்பரங்களைத் தடுக்கும் கருவிகள் உண்டு. அவற்றில் பேர் பெற்றது ரேமண்ட் ஹில் என்பவர் 2014-ல் வெளியிட்ட யூபிளாக் ஆரிஜின். இலவசம். பயர்பாக்ஸில் போட்டுக் கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும். இது சட்ட விரோதமோ என்று பயப்பட வேண்டாம். விளம்பரத் தடுப்பு குற்றம் அல்ல என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீசாரே இந்த யோசனையைச் சொன்னார்கள். அசல் கம்பெனி போல வேஷம் போட்டு, தேடும் பக்கத்தில் விளம்பரம் கொடுத்துப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் பெருகியதுதான் காரணம்.

இதனால் நேர்மையான சிறு தளங்களுக்கும் வருமானம் குறைகிறது. அது உண்மை. பிடித்த தளத்துக்கு மட்டும் தடையை நீக்கவும் அந்தக் கருவியில் வசதி இருக்கிறது. அதைச் செய்யுங்கள்.

பிரான்சில் விழுந்த அடி

வேவு டோக்கன்களை ஆப்பிளின் சபாரி 2020-ல் அடியோடு தடுத்தது. கூகுளும் தன் குரோமில் இவற்றை ஒழிப்பதாக அதே ஆண்டில் வாக்குக் கொடுத்தது. தவணை மேல் தவணை வாங்கி, 2025-ல் முடியாது என்று கையை விரித்து விட்டது.

பிரான்சு தேசத்தின் அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையம் வேறு வழியில் பிடித்தது. "ஏற்கிறேன்" என்று சொல்ல ஒரு தட்டு. "வேண்டாம்" என்று சொல்லப் பல தட்டு. இது மோசடி அல்லவா? 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டது. மூன்று மாதத்தில் திருத்தாவிட்டால் நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் யூரோ என்றும் எச்சரித்தது. அந்த ஏப்ரலிலேயே, "எல்லாம் வேண்டாம்" என்ற பொத்தானை ஐரோப்பாவில் வைப்பதாக கூகுள் அறிவித்தது!

நம் நாட்டில்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நமது சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் சட்டம் வந்தது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதி இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடர்ந்து, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் இருக்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியமான பிரிவுகளுக்கு மட்டும் 18 மாதம் அவகாசம் கொடுத்து விட்டார்கள்.

அந்த அவகாசம் கம்பெனிகளுக்குப் போதும். அது முடிந்த மறுநாளே, "சரி" எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக "வேண்டாம்" பொத்தானும் ஒவ்வொரு பக்கத்திலும் நிற்க வேண்டும். சர்க்கார் இதில் விட்டுக் கொடுக்கக் கூடாது. தினசரிகள் நடத்தும் இணையதளங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.